சும்மா இருந்தவரின் அரைப்படி

முன்னொரு காலத்தில், அரிசிக்குக் காவல் இருந்து பசிக்குக் காவல் இல்லாத காலத்தில், ஒரு மலையடிவாரத்தில் ஒரு ராஜ்ஜியம் இருந்தது. பெயர் வேண்டாம். அந்த ஊர்க்காரர்களுக்கு இன்னும் கோபம் தீரவில்லை; பெயரைச் சொன்னால் வீடு தேடி வந்துவிடுவார்கள்.

அந்த ராஜாவுக்கு ஆண்டுதோறும் ஐப்பசியில், பிறந்த நட்சத்திரத்தன்று துலாபாரம் நடக்கும். ஒரு தட்டில் ராஜா உட்காருவார். மறு தட்டில் வெல்லம் ஏறும். முள் நடுவில் நின்றதும் வெல்லத்தை ஊருக்குப் பங்கிட்டுவிடுவார்கள். அந்தத் துலாக்கோல் லேசுப்பட்டதல்ல. ஆள் உயரத் தட்டுகள் இரண்டு, பனைமரம் போன்ற குறுக்குச் சட்டம், ஆனாலும் ஓர் ஈ வந்து உட்கார்ந்தால் தலையாட்டும். ஈ உட்கார்ந்து யோசித்தால் இரண்டு தரம் ஆட்டும்.

அதே துலாக்கோலில்தான் அரண்மனைப் பல்லக்குத் தூக்கிகளையும் வேலைக்குச் சேர்க்கும் நாளில் நிறுப்பார்கள். எட்டுப் பேரும் ஒரே எடையாக இருந்தால்தான் பல்லக்கு ஒரு பக்கம் சாயாது என்று ராஜாவின் தாத்தா கண்டுபிடித்திருந்தார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று அவரைத்தான் கேட்க வேண்டும். ஒவ்வொரு தூக்கியின் எடைக்கும் ஒரு கல் செதுக்கி, அவன் பெயரைப் பொறித்து, மண்டபத்தின் மூலையில் அடுக்கிவிடுவார்கள்.

அந்த ஆண்டு ராஜாவுக்கு வழக்கமாகப் போடும் வெல்லம் போதவில்லை. இன்னும் ஒரு கூடை கொண்டுவந்து கொட்டிய பிறகுதான் முள் நடுவுக்கு வந்தது. ஊருக்கு மகிழ்ச்சி. ராஜாவுக்கு இல்லை. என் உடம்பு ஏன் ஏறியது என்று சபையைக் கேட்டார். வைத்தியர் வாயு என்றார். சோதிடர் குரு என்றார். ராஜாவின் பார்வை கடைசியில் அரண்மனை விகடன் பூவநாதனிடம் வந்து நின்றது.

பூவநாதனுக்கு அன்று நாக்கு கொஞ்சம் துள்ளிக்கொண்டிருந்தது. களஞ்சிய அதிகாரி வல்லபராயர் மூன்றாம் தாம்பூலத்தை மென்றபடி எதிரே திண்டில் சாய்ந்திருந்ததைப் பார்த்துக்கொண்டே சொன்னான்:

"மகாராஜா, வேலை செய்யும்போது தின்பது வேலையோடு போய்விடுகிறது. உட்கார்ந்திருக்கும்போது தின்பது நம்மோடு சேர்ந்து அதுவும் உட்கார்ந்துவிடுகிறது."

சபை சிரித்தது. ராஜா இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். எல்லோரும் வல்லபராயரின் வயிற்றைப் பார்த்தார்கள். அவர் மட்டும் சிரிக்கவில்லை. விகடன் வாய் திறந்தால் ராஜா சிரிக்கிறார், தான் வாய் திறந்தால் ராஜா கொட்டாவி விடுகிறார் என்ற எரிச்சல் அவருக்குப் பன்னிரண்டு ஆண்டு எரிச்சல். அன்று அவர் வீட்டுக்குப் போய் அந்த வேடிக்கையை உட்கார்ந்து யோசித்தார். மறுநாள் ஓர் ஓலையோடு வந்தார்.

விகடர் சொன்னது வெறும் வேடிக்கை அல்ல, மகாராஜா, பெரிய உண்மை என்றார். சும்மா இருப்பவன் உடம்பு எதையும் செலவழிப்பதில்லை. அவனுக்குப் போடும் அரிசி அத்தனையும் வீண். ஆகவே அரண்மனைச் சேவகர்களுக்கு வேலை செய்த நாளுக்கு ஒரு படி அரிசி, சும்மா இருந்த நாளுக்கு ஒன்றுமில்லை என்று சட்டம் போடலாம் என்றார். ராஜாவுக்கு முதல் நாள் சிரிப்பு இன்னும் வயிற்றில் மிச்சம் இருந்தது. அந்தச் சுகத்திலேயே முத்திரை வைத்துவிட்டார்.

கதை கேட்பவர்கள் உடனே முந்திக்கொண்டு, சிம்மாசனத்தில் சும்மா உட்கார்ந்திருக்கும் ராஜாவுக்கும் சோறு கிடையாது என்று விகடன் மடக்கியிருப்பானே என்பார்கள். வல்லபராயர் அதையும் யோசித்திருந்தார். அரச குடும்பத்தார், அமைச்சர்கள், அதிகாரிகள், யானைகள் நீங்கலாக என்று ஓலையின் கடைசி வரியில் எழுதியிருந்தது. யானையின் மேல் அவருக்குப் பயம் உண்டு.

சட்டம் யார் தலையில் விழுந்தது என்றால், பல்லக்குத் தூக்கிகள் எட்டுப் பேர் தலையில். ராஜா மாதத்தில் ஆறு நாள் வெளியே போவார். மற்ற நாட்களில் அவர்கள் கொட்டகையில் உட்கார்ந்திருக்க வேண்டும். சங்கு ஊதினால் அந்த ஓசை அடங்குவதற்குள் எட்டுத் தோளும் தண்டின் கீழ் இருக்க வேண்டும் என்பது கட்டளை. ஆகவே வேறு கூலிக்குப் போக முடியாது. விறகு வெட்டக்கூட முடியாது. காத்திருப்பதுதான் அவர்கள் வேலை. காத்திருப்பது வேலை இல்லை என்று ஓலை சொன்னது. ஆறு நாள் அரிசியை முப்பது நாள் தின்றார்கள். அதிலும் பிள்ளைகளுக்குப் போக மீதியைத் தின்றார்கள்.

பூவநாதன் முதல் மாதம் இதைக் கவனிக்கவில்லை. இரண்டாம் மாதம் கவனித்து, சட்டத்தைத் தளர்த்தலாமே என்று சிரிப்பும் பேச்சுமாக ராஜாவிடம் இரண்டு முறை சொல்லிப் பார்த்தான். சிரிப்பை ராஜா எடுத்துக்கொண்டு பேச்சை அவனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

மார்கழி பிறந்தது. மலைக்கோயிலுக்குப் போகும் வழியில், ஏற்றத்தில், முன் தண்டைத் தாங்கிய கொப்பையன் என்ற தூக்கிக்கு முழங்கால் மடங்கியது. பல்லக்கு ஒருபுறம் சரிந்தது. ராஜா உருண்டு புல்லில் உட்கார்ந்தார். தலைப்பாகை மட்டும் பள்ளம் வரை போயிற்று. ராஜாவுக்குக் காயம் ஒன்றுமில்லை. மானத்தில் கொஞ்சம் மண் ஒட்டியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் கொப்பையன் வேண்டுமென்றே கவிழ்த்தான், சட்டத்துக்குப் பழிவாங்கினான் என்று வல்லபராயர் கண்ணீரோடு சொன்னார். அன்றே கொப்பையனைக் கோட்டைக் குழிக்குள் இறக்கினார்கள். குழியில் கிடப்பவன் என்ன வேலை செய்கிறான்? ஒன்றுமில்லை. ஆகவே சட்டப்படி அவனுக்குச் சோறில்லை, தண்ணீர் மட்டும் என்று களஞ்சியத்திலிருந்து ஓலை வந்தது.

மறுநாள் காலை பூவநாதன் அரண்மனைக்குப் போகும்போது, கோட்டை வாசலில் கஞ்சிக் கலயத்தோடு ஒரு பெண் நின்றிருந்தாள். கொப்பையன் மனைவி சடைச்சி. உள்ளே கொடுக்கக் கொண்டுவந்த கஞ்சியைக் காவல்காரன் திருப்பி அனுப்பியிருந்தான். அவள் அழவில்லை. அழுதிருந்தால் பூவநாதனுக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

"விகடக்காரரே, நில்லும்," என்றாள். "ராசா சிரிச்சாராமே. நல்லாச் சிரிச்சாராமா?"

பூவநாதன் நின்று, அவள் கையிலிருந்த கலயத்தைப் பார்த்தான்.

"கெடக்குறவனுக்குச் சோறு எதுக்குன்னு கேக்கான் காவக்காரன். உடம்பு சும்மாதானே கெடக்குங்கான். அவன் சொந்தமாப் பேசுற ஆளு இல்ல. அது யாரு பேச்சு?"

"என் பேச்சுதான், தாயீ."

"அப்ப நீரே போயித் திரும்ப வாங்கிட்டு வாரும். எம்புருசன் இன்னும் மூணு நாள் தாங்குவான். நாலாம் நாள் தாங்க மாட்டான். அவன் உடம்பு எனக்குத் தெரியும்." கலயத்தை அவன் கையில் திணித்தாள். "இதை நீரே குடியும். ராசாவுக்கு அடுத்த வேடிக்கை சொல்லத் தெம்பு வேணுமில்ல."

பூவநாதன் அரண்மனைக்குப் போகவில்லை. வீட்டுக்குத் திரும்பி, கலயத்தை முன்னால் வைத்துக்கொண்டு, வெறுந்தரையில் பாயைப் போட்டுப் படுத்தான். கோபத்தில் பல் கூசியது. வல்லபராயர் மேல் கோபம், முத்திரை வைத்த ராஜா மேல் கோபம், எல்லாவற்றுக்கும் மேலாகத் தன் வாய் மேல் கோபம். அந்த வாய்க்கு ஒரு பருக்கை கொடுப்பதில்லை என்று அன்று முழுக்க அப்படியே கிடந்தான்.

கிடந்தான் என்றால் சும்மா கிடந்தான். கை அசைக்கவில்லை, கால் அசைக்கவில்லை. ஆனால் நெஞ்சு ஏறி இறங்கியது. காதுக்குள் ரத்தம் திடுதிடு என்று ஓடியது. மார்கழிக் குளிரில் பாய் சில்லென்று இருந்தது. அவன் படுத்த இடம் மட்டும் கொஞ்ச நேரத்தில் வெதுவெதுத்தது. அடுப்பு இல்லாமல் சூடு எங்கிருந்து வரும்? உச்சிப்பொழுதில் பசித்தது. மாலையில் இன்னும் பசித்தது. யாரும் சங்கு ஊதாமலே, உள்ளே எட்டுப் பேர் எதையோ தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள், ஒரு கணம்கூட இறக்கி வைக்கவில்லை என்பது அவனுக்குத் தெரிந்துபோயிற்று. தெரிந்த பிறகு கோபம் இரட்டித்தது. இது அவனுக்குத் தெரியாமல் இருந்ததே இல்லை. சிரிப்புக்காக மறந்திருந்தான்.

அடுத்த நாள் காலை கலயத்தோடு சபைக்குள் நுழைந்தான். ராஜா ஏதாவது வேடிக்கை வரும் என்று நிமிர்ந்து உட்கார்ந்தார். வேடிக்கை எங்கே என்று கேட்டார். குழிக்குள் இருக்கிறது என்றான் பூவநாதன். நான் துலாபாரத்தன்று சொன்னது பொய். சும்மா இருக்கிற உடம்பும் இடைவிடாமல் செலவழிக்கிறது. அந்த ஆளுக்குச் சோறு போடச் சொல்லுங்கள் என்று, நெளிவு சுளிவு இல்லாமல், குரலைக்கூட ஏற்ற மறந்து சொன்னான்.

வல்லபராயர் மெல்ல எழுந்தார். விகடர் நாளுக்கு ஒரு பேச்சுப் பேசுவார். அவருக்காக ராஜமுத்திரை நாளுக்கு ஒரு பக்கம் திரும்புமா என்று கேட்டார். செலவு என்கிறாரே, செலவானது எங்கே விழுந்து கிடக்கிறது, யார் பொறுக்கினார்கள் என்று கேட்டார். சபை சிரித்தது. அந்தச் சிரிப்பு தன் பக்கம் வந்ததில் வல்லபராயருக்கு முகமெல்லாம் எண்ணெய்.

ராஜாவுக்கும் கோபம் வந்தது. சிரிக்க வைக்க வேண்டியவன் முறைத்துக்கொண்டு நின்றால் எந்த ராஜாவுக்குப் பிடிக்கும்?

"பூவநாதா, சும்மா இருப்பவன் செலவழிக்கிறான் என்கிறாய். நல்லது. அவன் செலவழித்ததை என் கண்முன் தராசில் நிறுத்துக் காட்டு. நாளை பொழுது சாயும்வரை உனக்குத் தவணை. காட்டத் தவறினால் நீயும் குழிக்குள் இறங்கி, அந்தத் தூக்கிக்கு விகடம் சொல்லிக்கொண்டிரு."

"உத்தரவு," என்றான் பூவநாதன். "தாங்கள் சொன்னபடியே. தராசில் நிறுத்தே காட்டுகிறேன். ஒரு சொல்லும் கூட்டவில்லை, குறைக்கவில்லை."

வல்லபராயர் விடவில்லை, நிபந்தனைகள் போட்டார். தட்டில் உட்காருபவன் விகடனின் ஆளாக இருக்கக் கூடாது. எடைக்கல்லையும் அரிசியையும் களஞ்சியக் காவலர்களே ஏற்ற வேண்டும். விகடன் துலாக்கோலுக்குப் பத்தடி தள்ளியே நிற்க வேண்டும். எல்லாவற்றுக்கும் பூவநாதன் தலையாட்டினான். ஒன்றுதான் கேட்டான்: உட்காருபவர் உட்காருவதில் கைதேர்ந்தவராக இருக்க வேண்டும், நெளிந்தார், அசைந்தார் என்று நாளை யாரும் சொல்லிவிடக் கூடாது, இந்த ராஜ்ஜியத்தில் அசையாமல் உட்கார வல்லவர் யாரோ, மகாராஜாவே சொல்லட்டும்.

ராஜா யோசிக்கவே இல்லை. அவர் விரல் தானாகப் போய் வல்லபராயர் பக்கம் நின்றது.

வல்லபராயர் மார்பை நிமிர்த்தினார். தானே தட்டில் இருந்தால் மோசடிக்கு இடமே இல்லை என்று அவருக்கு உள்ளூர மகிழ்ச்சி. "முப்பது ஆண்டுகளாக அமர்ந்தே பணியாற்றி வருகிறேன், மகாராஜா. ஒரு பகல் எனக்குப் பொருட்டல்ல," என்றார்.

கொப்பையனுக்கு ஒரு வாய்க் கஞ்சியாவது இறக்கலாமா என்று பூவநாதன் போகிற போக்கில் கேட்டான். நிரூபித்த பிறகு கேள் என்றார் ராஜா.

மறுநாள் காலை ஊரே துலாபார மண்டபத்தில் கூடிவிட்டது. சடைச்சி தூணோரம் நின்றாள். சூரியன் கிளம்பும்போது வல்லபராயர் தட்டில் ஏறிச் சம்மணம் போட்டார். குளிருக்கு ஒரு கனத்த சால்வை போர்த்தியிருந்தார். அவரோடு ஒரு மூடிச் செம்பும் தட்டில் ஏறியது. அவசரம் என்றால் இறங்கிப் போய்விடக் கூடாதே. அவரிடமிருந்து போகும் எதுவும் தட்டைவிட்டுப் போகக் கூடாதே. அதற்குத் திரையும் கட்டியிருந்தார்கள். மறு தட்டில் களஞ்சியக் காவலர்கள் எடைக்கற்களை ஏற்றினார்கள். போதாததற்கு வல்லபராயரின் முத்திரை இருந்த மூட்டையைப் பிரித்து அரிசியைக் கொட்டினார்கள். முள் நடுவில் நின்றது. கொட்டியது எவ்வளவு என்று யாரும் கேட்கவில்லை, பூவநாதனும் கேட்கவில்லை. பத்தடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றான்.

வல்லபராயர் பிரமாதமாக உட்கார்ந்தார். அதைச் சொல்லத்தான் வேண்டும். கோபுரப் பொம்மைகூட அவ்வளவு அசையாமல் இருந்ததில்லை. அவர் தோளில் கொஞ்ச நேரம் உட்கார வந்த ஒரு காகத்தைக் காவலர்கள் எடைக்குப் பயந்து விரட்டினார்கள்.

காலை முழுக்க முள் நடுவிலேயே இருந்தது போலத் தெரிந்தது. முன்வரிசை ஆட்கள் பூவநாதனைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்கள். அவன் முள்ளைப் பார்க்கவில்லை. குழி இருந்த திசையைப் பார்த்துக்கொண்டிருந்தான். ராஜா சேவகர்கள் கொண்டுவந்த முறுக்கைக் கடித்துக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கடிச் சத்தமும் பூவநாதனுக்கு நடுமண்டையில் விழுந்தது.

உச்சிப்பொழுதில் மடைப்பள்ளியிலிருந்து நெய்யில் கத்தரிக்காய் வதங்கும் வாசனை வந்தது. அப்போது மண்டபத்தில் ஒரு சத்தம் கேட்டது. தூரத்தில் யாரோ பழைய கதவைத் திறப்பது போல. எல்லோரும் வாசலைப் பார்த்தார்கள். கதவு மூடித்தான் இருந்தது. இரண்டாம் முறை கேட்டபோது அது வல்லபராயரின் வயிறு என்று புரிந்தது.

"ஐயா, பசிக்கிறதா?" என்று பூவநாதன் பத்தடிக்கு அப்பால் இருந்து மரியாதையாகக் கேட்டான்.

"இல்லை. சும்மா இருப்பவனுக்கு ஏது பசி?"

"நானும் அதையேதான் தங்கள் வயிற்றுக்கு எடுத்துச் சொல்லச் சொல்கிறேன்."

கொஞ்ச நேரம் கழித்து வல்லபராயர், ஜபம் செய்யும் நேரம் என்று சொல்லிச் சால்வையைத் தலைவரை இழுத்து மூடிக்கொண்டார். உள்ளே ஜபம் நடந்தது. வாய் நன்றாக அசைந்தது. பூவநாதன் அந்தத் தாடையின் ஓட்டத்தைப் பார்த்தான். சாமி பெயர் எதையும் அவ்வளவு மென்று சொல்வதில்லை. ஒரு குரல் கொடுத்திருந்தால் காவலர்கள் சால்வையை விலக்கியிருப்பார்கள். அவன் குரல் கொடுக்கவில்லை. காலையிலிருந்து முதல் முறையாக அவன் முகத்தில் ஏதோ ஓடியது. அது சிரிப்பு அல்ல என்று பக்கத்தில் நின்றவர்கள் பிறகு சத்தியம் செய்தார்கள்.

அதன் பின் முள் ஊர ஆரம்பித்தது கண்ணுக்கே தெரிந்தது. முதலில் ஒரு நெல் அகலம். அப்புறம் ஒரு விரல் அகலம். வல்லபராயரின் தட்டு, யாரும் தொடாமலே, மெல்ல மேலே போய்க்கொண்டிருந்தது. முன்வரிசை ஆட்கள் உதட்டை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். ராஜா முறுக்கைக் கீழே வைத்தார்.

பொழுது சாய்ந்ததும் ராஜா முள்ளைச் சரிசெய்து பார்க்கச் சொன்னார். களஞ்சியக் காவலர்கள் மறு தட்டிலிருந்து அரிசியை அள்ளி, வல்லபராயரின் சொந்தப் படியில் போட்டார்கள். சரியாக அரைப்படி அள்ளியதும் முள் நடுவுக்கு வந்து நின்றது.

வல்லபராயர் முதலில் அரிசி ஈரம் குடித்துக் கனத்துவிட்டது என்றார். அரிசி நொறுங்கக் காய்ந்திருந்தது. பிறகு துலாக்கோல் பழுது என்றார். இதே துலாக்கோலில்தான் மகாராஜாவின் உடம்பு ஏறியது என்று பூவநாதன் நினைவூட்டினான். அப்படியானால் பழுது என்றே நம்பிவிட ராஜாவுக்குக் கண நேரம் ஆசையாகத்தான் இருந்தது. காலையில் முள் நடுவில் நின்றதைத் தன் கண்ணாலேயே பார்த்திருந்தாரே, என்ன செய்வது?

"அந்த அரைப்படி எங்கே போயிற்று?" என்று கேட்டார்.

பூவநாதன் ராஜாவிடம், உடைவாளை உருவி வல்லபராயரின் மூக்கின் கீழ் பிடிக்கச் சொன்னான். வல்லபராயர் கழுத்தைப் பின்னால் இழுத்துக்கொண்டார். வாள் வெட்டவில்லை. மார்கழிக் குளிரில் அதன் மேல் ஒரு புகை படிந்தது, நீர் முத்து முத்தாக நின்றது. மூச்சோடும் வேர்வையோடும் நாள் முழுக்கப் போய்க்கொண்டே இருக்கிறது என்றான் பூவநாதன். உள்ளே ஓர் அடுப்பு எரிகிறது, நெஞ்சு துருத்தி ஊதுகிறது, ரத்தம் ஓடுகிறது. ஆள் தூங்கினாலும் அவை தூங்குவதில்லை. உடம்பும் ஒரு பல்லக்குத்தான். சுமப்பவர்கள் உள்ளே இருக்கிறார்கள், ஒரு நாளும் இறக்கி வைப்பதில்லை. இறக்கி வைத்தால் அப்புறம் நாலு பேர் வெளியிலிருந்து வந்து தூக்க வேண்டியதுதான்.

"இன்னொன்று, மகாராஜா. களஞ்சிய அதிகாரியை எழுந்து சால்வையை உதறச் சொல்லுங்கள்."

வல்லபராயர் எழவில்லை. காவலர்கள் எழுப்பினார்கள். சால்வையை உதறியதும் எள்ளும் வெல்லத் துணுக்குமாகக் கொட்டியது. கடைசியில், பாதி கடித்த அதிரசம் ஒன்று உருண்டு வந்து ராஜாவின் காலடியில் நின்றது.

ராஜா ஒரு கணம் அதைப் பார்த்தார். பிறகு சிரிக்கத் தொடங்கினார். சபை சிரித்தது, ஊர் சிரித்தது, களஞ்சியக் காவலர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு சிரித்தார்கள். பூவநாதன் சிரிக்கவில்லை.

"எத்தனை தின்றார் என்று எனக்குத் தெரியாது," என்றான். "ஏறும்போதே மடியில் கட்டிக்கொண்டு ஏறினார். மடியில் இருந்தாலும் வயிற்றில் இருந்தாலும் தட்டுக்கு ஒரே எடைதான். அதனால்தான் நான் தடுக்கவில்லை. தின்றும் அரைப்படி குறைந்தார். ஆனால் ஒன்றை மட்டும் கேளுங்கள், மகாராஜா. சும்மா இருக்கும் உடம்புக்குச் சோறு வேண்டாம் என்று நம்புகிறவர், சும்மா உட்காரப் போகும்போது அதிரசம் எதற்குக் கட்டினார்?"

சிரிப்பு பாதியில் நின்றது.

"அவருக்கு முன்பே தெரியும். ஓலை எழுதிய அன்றும் தெரியும். நான் ஒரு பொய்யை வேடிக்கையாகச் சொன்னேன். அவர் அது பொய் என்று தெரிந்தே சட்டமாக எழுதினார். தாங்கள் அது வேடிக்கை என்று தெரிந்தே முத்திரை வைத்தீர்கள். குழியில் கிடப்பவனுக்கு மட்டும்தான் இதில் எதுவும் தெரியாது. அவன் பசித்தான், அவ்வளவுதான். சிரித்தது போதும். இன்னும் ஓர் ஆளை நிறுக்க வேண்டும்."

ராஜாவிடம் இப்படி யாரும் பேசியதில்லை. வாளைக் கையில் வைத்திருக்கும் ராஜாவிடம் யாருமே பேசியதில்லை. ராஜா வாளையும் பூவநாதனையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு தூக்கியைக் கொண்டுவரச் சொன்னார்.

கொப்பையனை இரண்டு பேர் தாங்கிக்கொண்டு வந்தார்கள். உண்மையில் ஒருவரே போதும். தட்டில் உட்கார வைத்தபோது தலை தூணைத் தேடியது. மூலையிலிருந்து அவன் பெயர் பொறித்த கல்லை எடுத்து மறு தட்டில் வைத்தார்கள். முள் ஊரவில்லை. அது ஒரே ஓட்டமாக ஓடிப்போய் மூலையில் முட்டியது. கொப்பையன் இருந்த தட்டு விர்ரென்று மேலேறி, ஊஞ்சல்போல் அந்தரத்தில் ஆடியது. அவன் பக்கம் அரிசியைக் கொட்டிக்கொண்டே போனார்கள். ஒரு மரக்கால் கொட்டிய பிறகுதான் முள் நடுவுக்கு வந்தது. நடுவில், தன் உடம்பிலிருந்து போன அத்தனை அரிசியும் மடியைச் சுற்றிக் குவிந்திருக்க, கொப்பையன் உட்கார்ந்திருந்தான். கையை அதில் வைக்கலாமா கூடாதா என்று தெரியாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தான்.

யாரும் சிரிக்கவில்லை. தூணோரத்திலிருந்து சடைச்சி வந்து, யாரையும் கேட்காமல், அவன் கையைப் பிடித்து அரிசியின் மேல் வைத்தாள்.

ராஜா வாளை உறையில் போட்டார். பல்லக்கு சாய்ந்தது அவன் குற்றமில்லை என்றார். சட்டத்தைக் கிழிக்கச் சொன்னார். இனிமேல் சும்மா இருக்கும் நாளுக்கும் அரைப்படி அரிசி என்றார்.

"அது பகல் கணக்கு, மகாராஜா," என்றான் பூவநாதன். "பொழுது சாய்ந்ததும் யாரும் மூச்சைக் கழற்றி ஆணியில் மாட்டுவதில்லை. இரவுக்கும் அரைப்படி."

"ஆக ஒரு படி."

"சும்மா இருக்க ஒரு படி. தங்களைத் தூக்க வேண்டுமானால் அதற்குத் தனியாக. இந்த ஐப்பசிக்குப் பிறகு தாங்கள் ஒரு கூடை வெல்லம் கூடுதலாகவும் இருக்கிறீர்கள்."

வல்லபராயருக்கு என்ன தண்டனை என்று சபை காத்திருந்தது. குழி என்றார்கள் சிலர். வேண்டாம் என்றான் பூவநாதன். குழியில் போட்டால் அவர் சும்மா இருப்பார், அதில்தான் அவர் கைதேர்ந்தவர். கொப்பையன் அவனுடைய கல்லுக்குச் சரியாக நிற்கும் நாள் வரை, முன் தண்டில் அவன் இடத்தில் வல்லபராயர் தோள் கொடுக்கட்டும் என்றான். ராஜா ஒப்புக்கொண்டார். அன்றிலிருந்து கொப்பையன் வீட்டுக்குக் காலையும் மாலையும் சோறும் நெய்யும் வல்லபராயரே அனுப்பினார். யாரும் கட்டளையிடவில்லை. அந்த ஆள் சீக்கிரம் தேற வேண்டும் என்று நாட்டிலேயே அதிகம் கவலைப்பட்டவர் அவர்தான். வேளைக்கு ஒரு தரம் ஆள் அனுப்பி, சாப்பிட்டானா, இன்னும் கொஞ்சம் சாப்பிடுவானா என்று விசாரிப்பார்.

பங்குனியில் கொப்பையனை மறுபடி நிறுத்தார்கள். கல் ஒரு தட்டு, அவன் ஒரு தட்டு. முள் நடுவில் நின்றது. வல்லபராயர் மண்டபத்தின் நடுவிலேயே உட்கார்ந்து இரண்டு கையையும் தூக்கிக் கும்பிட்டார். தோளில் புறா முட்டை அளவுக்குக் காய்ப்பு. வயிறு இருந்த இடத்தில் வேட்டி சுருங்கித் தொங்கியது. அதைப் பார்த்து ராஜா சிரித்தார் பாருங்கள், ஐப்பசியிலிருந்து சேர்த்து வைத்ததை எல்லாம் அன்று சிரித்தார். சிரித்து முடித்துக் கழுத்திலிருந்த முத்துமாலையைக் கழற்றிப் பூவநாதனுக்குப் போட்டார். இப்போதாவது நீயும் சிரியேன் என்றார்.

அரண்மனையிலிருந்து திரும்பும் வழியில் பூவநாதன் கொப்பையன் வீட்டுக்குப் போனான். மாலையையும், மூன்று மாதமாகத் தன் வீட்டில் கழுவி வைத்திருந்த கலயத்தையும் சடைச்சியிடம் நீட்டினான். அவள் கலயத்தை வாங்கிக்கொண்டாள். உள்ளே போய், அதில் கஞ்சியை ஊற்றிக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள்.

"அன்னைக்குக் குடிக்காமத்தான் இருந்தீராம். உம்ம வீட்டுல சொன்னாங்க," என்றாள். "இப்பக் குடியும்."

குடித்தான். அவள் அவன் கழுத்தைவிட்டு இறங்கிக் கையில் தொங்கிக்கொண்டிருந்த முத்துமாலையைப் பார்த்தாள், தொடவில்லை.

"இன்னொரு தரம் ராசாவச் சிரிக்க வைக்கணும்னா, மொதல்ல இங்க வந்து எங்ககிட்டச் சொல்லிப் பாரும். நாங்க சிரிச்சா, அப்புறம் அங்க போயிச் சொல்லும்."

அதற்குப் பிறகு அந்த ராஜ்ஜியத்தில் வேடிக்கைகள் எல்லாம் முதலில் பல்லக்குக் கொட்டகையில் சொல்லிப் பார்க்கப்பட்டன. நிறைய வேடிக்கைகள் அங்கிருந்து அரண்மனைக்குப் போகவே இல்லை. போனவற்றுக்கு ராஜா நன்றாகச் சிரித்தார், பரிசும் கொடுத்தார், நெடுநாள் உட்கார்ந்து ஆண்டார். உட்கார்ந்திருந்த ஒவ்வொரு நாளும் அவருக்கு வேளை தவறாமல் பசித்தது.